பெறவு பார்ப்போம்

திருநெல்வேலியின் தச்சநல்லூரில் ஒரு பொருளை விற்க வந்தவரிடம் ‘வேண்டாம்’ என்று நேராகச் சொல்லிவிடுகிறவர்கள் குறைவு. மதுரை ரோட்டை ஒட்டிய கடைகளானாலும் சரி, உள்ளே திண்ணை வைத்த பழைய வீடுகளானாலும் சரி, வந்தவரை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவர் விரித்துக் காட்டியதையெல்லாம் பார்த்த பிறகு, “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, பெறவு பார்ப்போம்” என்பார்கள். அல்லது, “வீட்ல கேட்டுச் சொல்லுதேன்.” கேட்க வேண்டிய வீட்டம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆடி கழியட்டும், பிள்ளைக்கு இப்பம்தான் ஃபீஸ் கட்டினோம், ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு, மச்சினன் வெளியூரிலிருந்து வரட்டும் என்று இன்னும் பல உண்டு. வந்தவர் முகம் வாடக்கூடாது, நம் பணமும் போய்விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள்.

இந்த நாகரிகத்தை உடைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க வகுப்புகள் இருக்கின்றன. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு ஹோட்டல் ஹாலில், இன்சூரன்ஸ், மனை, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் எதுவானாலும், பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘அப்ஜெக்‌ஷன் ஹேண்ட்லிங்’, அதை முடித்ததும் ‘குளோசிங்’. கையில் கொடுக்கிற தாளில் வாடிக்கையாளர் சொல்லக்கூடிய மறுப்புகள் இடப்பக்கம், அவற்றுக்கான பதில்கள் வலப்பக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்றால், “எதை யோசிக்கணும்னு சொல்லுங்க, ரெண்டு பேருமா சேந்தே யோசிச்சிருவோம்.” வீட்டில் கேட்க வேண்டும் என்றால், “அதுக்கென்ன, அக்காவக் கூப்பிடுங்க.” கையில் பணமில்லை என்றால், “அப்பம் உங்களுக்குத்தான் இது மொதல்ல வேணும்.” விலை அதிகம் என்றால், வருஷத் தொகையை 365-ஆல் வகுத்து ஒரு நாளைக்கு இரண்டு டீக்காசு என்று ஆக்கிவிடுவது. அதற்கும் மசியாதவரிடம் மூன்று படிக்கட்டுப் பதில் ஒன்று: நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது, உங்களைப் போலவே இன்னொருவரும் முதலில் நினைத்தார், வாங்கிய பிறகு அவருக்குத் தெரிந்தது வேறு. அந்த இன்னொருவர் யார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்த முறைக்கு வயது நூற்றுச் சொச்சம். அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் பணப்பெட்டி இயந்திரம் விற்ற ஜான் பேட்டர்சன் என்பவரின் கம்பெனியில் 1887-இல் விற்பனையாளர்களுக்கென்று ஒரு கையேடு எழுதப்பட்டது. என்ன பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், கடைக்காரர் தயங்கினால் என்ன பதில் என்பதையெல்லாம் எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்த இயந்திரத்துக்கு வந்த பெரிய எதிர்ப்பு வாங்குகிற முதலாளியிடமிருந்து வந்ததல்ல; கல்லாவில் நின்ற சிப்பந்திகளிடமிருந்து வந்தது. எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதைத் தாண்டிப் போய் இயந்திரத்தை மேஜைமேல் வைத்துவிடுவதுதான் கையேட்டின் வேலை.

இதே தொழிலை ஆராய்ந்த நீல் ராக்கம் 1988-இல் வெளியிட்ட நூலில், 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கவனித்ததில் தெரிந்தவற்றைச் சொல்லியிருக்கிறார். சிறிய பொருள்களில் வேலை செய்கிற ‘முடித்துவைக்கும்’ உத்திகள் பெரிய தொகை வியாபாரங்களில் காரியத்தைக் கெடுக்கின்றன என்பது ஒன்று. மறுப்புகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது விற்பவரே என்பது இன்னொன்று. தேவை என்னவென்று கேட்காமல் பொருளின் பெருமையைக் கொட்டினால் எதிரில் இருப்பவர் விலையைத்தான் பேசுவார். விற்பனை உலகமே இதைப் படித்தது. படித்துவிட்டுப் பழைய தாளைத்தான் இன்னமும் விநியோகிக்கிறது.

எனக்கு அந்தத் தாளோடு உள்ள வழக்கு வேறு. மறுப்புக்குப் பதில் சொல்வதில் குற்றமில்லை. வியாபாரம் என்றால் பேச்சு இருக்கும், பேச்சு என்றால் எதிர்ப்பேச்சு இருக்கும். ஆனால் அந்தத் தாளில் எங்கேயும் இல்லாத கேள்வி ஒன்று உண்டு: வாடிக்கையாளர் சொன்ன மறுப்பு நாளைக்குச் சரியென்று ஆகிவிட்டால் நட்டம் யார் தலையில்?

தாமிரபரணியைத் தாண்டி மேலப்பாளையத்துக்குப் போனால், செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தையில் இந்தக் கேள்வியின் பழைய பதிலைப் பார்க்கலாம். ஆடும் மாடும் விற்கும் சந்தை. பக்ரீத், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே மாடு வாங்க வந்தவர் வாயைத் திறந்தால் குறையைத் தவிர வேறெதுவும் வராது. முதலில் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். கீழ்த்தாடையில் இரண்டு பல்லா, நாலா, ஆறா, கடை சேர்ந்துவிட்டதா என்பதில் வயது தெரிந்துவிடும். பிறகு மடி, காம்பு, குளம்பு. பிறகு சுழி. ஏறுபூரான் என்றால் நல்லது, இறங்குபூரான் என்றால் ஆகாது, விலங்குச் சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று உடம்பெல்லாம் தடவித் தேடுவார். “சுழி சரியில்லையே வே” என்பது பாதி நம்பிக்கை, பாதி விலைக்குறைப்பு. வாங்க நினைக்காதவர் சுழி பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழிக்கு உள்ளேயே விலைக்கு வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார் என்ற உத்தரவும் இருக்கிறது.

மாட்டுக்காரர் இந்தக் குறைகளுக்கு அதிகம் பதில் சொல்ல மாட்டார். நடுவில் தரகர் இருக்கிறார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அதற்குள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தொகை தெரியாது. இவர் எவ்வளவு இறங்கினார், அவர் எவ்வளவு ஏறினார் என்பது வெளியே வராததால் இரண்டு பேருக்கும் மானம் போகாது. மறுத்தவர் மறுத்த மாதிரியும் இருக்கும், வியாபாரம் முடிந்த மாதிரியும் இருக்கும்.

தரகரை நான் புனிதராக்கவில்லை. இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர். பால் கறக்காமல் விட்டு மடியை உப்ப வைத்த மாட்டை அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவருக்கு ஒரு கட்டு உண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே மரத்தடியில் நிற்க வேண்டியவர் அவர். சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து வந்து வாங்கிப்போன சம்சாரி, நான்கு லிட்டர் என்று சொன்ன மாடு இரண்டைத் தாண்டவில்லை என்றால், நேரே அந்த மரத்தடிக்குத்தான் வருவார். நாலு பேர் முன்னால் சத்தம் போடுவார். அந்த நட்டத்தில் தரகருக்குப் பங்கு உண்டு. எந்தக் குறையைப் பேசித் தாண்டலாம், எதைத் தாண்டக்கூடாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பங்குதான்.

நெல்லை டவுன் ரத வீதிகளின் ஜவுளிக்கடை மரபு இன்னொரு மாதிரி. 1924-இல் விஸ்வநாத பிள்ளை தொடங்கிய ஆர்.எம்.கே.வி. போன்ற கடைகளுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க மாவட்டம் முழுவதிலுமிருந்து குடும்பமாக வருவார்கள். அங்கே விற்பனையாளர் மறுப்புக்கு வாயால் பதில் சொல்வதில்லை. கரை பெரிசா இருக்கு என்றால் இன்னொரு சேலை. நிறம் அடிக்குது என்றால் இன்னொன்று. பாய்மேல் சேலைகள் குவியக் குவிய, இவ்வளவு பிரித்துப் போட வைத்துவிட்டு எப்படி எழுந்து போவது என்ற சங்கடம் குடும்பத்துக்குள் வந்துவிடும். நடுவில் கலர் வரும், சின்னவனுக்குக் குடிக்க. அதைக் குடித்த பிறகு சங்கடம் இரட்டிப்பாகும். இத்தனை மென்மையான வற்புறுத்தல் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கே நட்டத்தில் பெரும்பங்கு போய்ச் சேருகிற இடம் வேறு: நாள் முழுக்க நின்றுகொண்டு பிரித்து மடிக்கிற பையன்களும் பெண்களும். வாடிக்கையாளர் வெறுங்கையோடு போனால் கேள்வி அவர்களுக்குத்தான் வரும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-இல் வந்தபோது, தி.நகரில் அப்படி நின்ற தென்மாவட்டத்துப் பிள்ளைகளைத் திரையில் பார்த்து நம்மூரில் பலர் தங்கள் வீட்டுக் கதை என்றார்கள். கடை ஊழியர் உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல். அதுவரை அவர்கள் நின்றார்கள்.

மறுப்பே வராத கடை என்றால் அல்வாவுக்கு இருட்டுக்கடையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் திறந்து, தீர்ந்ததும் மூடுகிற கடை. கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. விலை ஏன் இவ்வளவு என்று வரிசையில் நிற்கிறவர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஜங்ஷனிலும் பஸ் நிலையங்களிலும் பெயருக்கு முன்னால் ‘ஒரிஜினல்’ போட்ட அல்வாக் கடைகளைப் பாருங்கள். யாரும் கேட்காத மறுப்புக்குப் பலகையிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

வேடிக்கை போகட்டும். தச்சநல்லூர்க்காரர்கள் நிஜமாகவே அடிபட்ட விஷயம் மனை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய், அதன் குளங்கள், அதை நம்பி நெல் விளைந்த வயல்கள் என்று இருந்த நிலம் இது. 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சியானது. தச்சநல்லூர் அதன் ஒரு மண்டலம். ஊர் நகரமாக ஆக வயல்களில் கல் நட ஆரம்பித்தார்கள். இலவச வேன், மதியம் சாப்பாடு, முன்பணம் கட்டினால் தங்கக்காசு என்ற நோட்டீஸ்கள் நினைவிருக்கும். வேனில் போனவர்கள் ஒன்றும் ஏமாளிகள் அல்ல. எல்லோரும் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்: “அப்ரூவல் இருக்கா?” “மழைக்குத் தண்ணி நிக்குமா?”

இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, பத்திரம் பதிவாகிறது, பட்டா வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். தண்ணீரா, அதோ பாருங்கள் ரோடு எவ்வளவு உயரம் என்பார்கள். அத்தோடு கடைசி மனை, கிழக்குப் பார்த்தது, இன்னொருவர் சாயங்காலம் வருகிறார் என்ற ஒரு வரி. மறுப்பு முடிந்தது. முன்பணம் கை மாறியது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை விதித்தது. தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் பத்திரங்கள் நின்றன. மகள் கல்யாணத்துக்காக வாங்கிப் போட்ட இடத்தை விற்க முடியாமல் தவித்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அடுத்த ஆண்டு அரசு வரன்முறைப்படுத்தும் திட்டம் கொண்டு வந்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளி நிலத்துக்கான கட்டணம் என்று கட்டியவர்களில் பெரும்பாலோர் மனையை வாங்கியவர்கள். கல் நட்டவர் எப்போதோ அடுத்த வயலுக்குப் போய்விட்டார். அப்ரூவல் இருக்கா என்று கேட்டவர் கேட்டது சரிதான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. சரியாகக் கேட்டதற்கு அவருக்குக் கிடைத்தது செலவுச் சீட்டு.

இரண்டாவது கேள்விக்குப் பதில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் என்று பழைய குடியிருப்புகளே தண்ணீரில் நின்றன. காலங்காலமாகக் குளத்துக்குத் தண்ணீர் போன வழியில் கல் நட்டு விற்ற மனைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட மழை எப்போதாவது ஒருமுறைதானே என்பார்கள். இருக்கலாம். மனை வாங்குகிறவரும் வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்குகிறார்.

இதற்கெல்லாம் எதிர்க்கட்சியாக என் மனதில் நிற்பவர் வ.உ.சி. அவரை விற்பனையாளர் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் அவர் தொடங்கிய கப்பல் கம்பெனியான சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16-இல் பதிவானபோது அவர் கையில் இருந்தது கப்பல் அல்ல, விற்க வேண்டிய பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய் போட்டார். மற்றதை ஊர் ஊராகப் போய்த்தான் விற்றாக வேண்டும். 25 ரூபாய் அன்றைக்குச் சின்னப் பணமல்ல. வாங்க வந்தவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்க நாம் ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்து நிற்க முடியுமா? கப்பல் எங்கே? போட்ட பணம் திரும்புமா?

கப்பல் எங்கே என்பது வெறும் ஊகம் அல்ல, உண்மையான தலைவலி. ஷா லைன் என்ற பம்பாய்க் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களைப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கடி கொடுத்துத் திருப்ப வைத்தது. அந்த மறுப்புக்கு வ.உ.சி. சொன்ன பதில் பேச்சு அல்ல. பம்பாய்க்குப் போய் ‘காலியா’வை வாங்கினார், ‘லாவோ’வும் வந்து சேர்ந்தது. 1907-இல் இரண்டும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிறகு விலைப் போட்டி. கொழும்புக் கட்டணத்தைப் பிரிட்டிஷ் கம்பெனி ஒரு ரூபாயாகக் குறைத்தது; சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஏறுகிறவருக்கு ஒரு குடையும் கொடுத்ததாகத் தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். விலை அதிகம் என்ற மறுப்பைப் பற்றி எழுதிய கையேடுகள் எல்லாம் அந்தத் துறைமுகத்தில் தோற்றிருக்கும். எதிரே இருப்பவன் சும்மா கொடுக்கிறான், போதாததற்குக் குடையும் கொடுக்கிறான். அப்படியும் எட்டணா கொடுத்து ஏறினவர்கள் இருந்தார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. போட்ட பணம் திரும்புமா என்று கேட்டவர் இருந்திருந்தால், அவர் கேட்டது சரியாகிப் போனது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்து எழுந்தது. ஜூலையில் பின்ஹே என்ற நீதிபதி 40 ஆண்டுத் தண்டனை விதித்தார்; மேல்முறையீட்டில் அது குறைந்தது. கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. அந்தப் பங்குகளின் பணம் போனது போனதுதான். ஆனால் விற்றவர் எங்கே இருந்தார்? கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையில். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் சிறுகடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். 25 ரூபாய் இழந்தவரைவிடப் பல மடங்கு இழந்தவர் அந்தப் பங்கை விற்றவர். அதனால்தான் பணம் போன குடும்பங்களின் பேரன்மார்கூட ‘எங்க தாத்தா வ.உ.சி. கம்பெனில பங்கு வச்சிருந்தாரு’ என்று பெருமையாகச் சொல்ல முடிகிறது. மனை விற்றவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஒரு பேரன் வருவானா? விடை தெரியாத மறுப்புகளோடும் ஒரு வியாபாரம் நியாயமாக முடியலாம். விற்பவர் அந்த மறுப்பின் நட்டத்தில் தன் தலையையும் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அளவுகோல் மிகப் பெரிது, எல்லா வியாபாரிக்கும் பொருந்தாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மாட்டுத் தரகருடைய சின்ன அளவுகோலாவது இருக்கலாம் அல்லவா?

இன்சூரன்ஸ் விற்பனையில் அந்தச் சின்ன அளவுகோலும் தலைகீழாக இருந்தது. நெடுங்காலம் சட்டமே, ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் முதல் ஆண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரைக்கும், நான்காம் ஆண்டிலிருந்து 5 சதவீதமும் கமிஷன் தர இடம் கொடுத்திருந்தது. விற்கிற அன்றைக்குத்தான் விருந்து, பிறகெல்லாம் பழையது. அப்படி இருக்கையில், பாலிசி 20 வருஷம் ஓடுமா என்ற கவலையைவிட இந்த மார்ச் 31-க்குள் கையெழுத்தாகுமா என்ற கவலைதானே பெரிதாகும்? பாலிசிதாரர் இரண்டாம் வருஷமே கட்ட முடியாமல் விட்டால், பல சேமிப்புப் பாலிசிகளில் கட்டிய பணத்தில் ஒன்றும் திரும்பாத நிலை 2024 அக்டோபர் வரை இருந்தது. கட்ட முடியுமா தெரியலையே என்று முதல் நாள் அவர் சொன்னதுதான் மறுப்பு. ஒரு நாளைக்கு இரண்டு டீக்காசு என்று அதைத் தாண்டினார்கள். தாண்டியவருக்குக் கமிஷன் கிடைத்துவிட்டது, தயங்கியவருக்கு மொத்தமும் போனது.

எல்லா ஏஜெண்டையும் ஒரே தராசில் போடுவது அநியாயம். பாலிசி எடுத்தவர் இறந்துபோன வீட்டுக்கு முதலில் வந்து, எந்தக் காகிதம் எங்கே வேண்டும் என்று அலைந்து, க்ளெய்ம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்த ஏஜெண்டுகளை நெல்லையில் எல்லாத் தெருவுக்கும் தெரியும். அவர்கள் பெரும்பாலும் அதே தெருக்காரர்கள், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வருகிறவர்கள். விற்ற பிறகும் கண்ணில் படுகிறவர்கள். எனக்கு நம்பிக்கை இழக்க வைத்தது கௌண்டர் விற்பனை. தெரிந்த பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பணத்தை வைப்பு நிதியில் போட ஒரு வங்கிக்குப் போனார். வருஷா வருஷம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியோடு வீட்டுக்கு வந்தார். எனக்கு எழுபதாகப் போகுதே தம்பி, இது எதுக்கு என்று கேட்டிருக்கிறார். வட்டியைவிட இதில் நல்லா வரும் சார் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வருஷம் அவர் போய்க் கேட்டபோது அந்தத் தம்பி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மாற்றலாகிப் போகக்கூடியவர் கொடுக்கிற வாக்குக்கும் மரத்தடியில் நிற்கிறவர் கொடுக்கிற வாக்குக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கௌண்டரில் தெரிவதில்லை.

இப்போது கௌண்டரும் போய்ச் செல்போன் வந்துவிட்டது. ‘வேண்டாம்’ என்று அழுத்த நினைத்தால், அந்தப் பொத்தானின்மேல் ‘எனக்கு என் குடும்பத்தின் பாதுகாப்பில் அக்கறை இல்லை’ என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். மறுப்பைக் கேட்டுப் பதில் சொல்கிற சிரமம்கூட இல்லாமல், மறுப்பதையே மானக்கேடாக்கிவிட்டார்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படியான 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. வெட்கப்படுத்துவதும் பொய்யான அவசரம் காட்டுவதும் அதில் உண்டு. அந்தக் ‘கடைசி மனை, சாயங்காலம் ஆள் வருகிறது’ என்ற வரி அரசிதழ்வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டங்கள் மெதுவாகத்தான் வருகின்றன, ஆனால் வரும் திசை கவனிக்கத்தக்கது. விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று பில்லில் அச்சடித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்ற காலம் போய்விட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளைக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். மறுப்பு சரியாகிப் போனால் நட்டத்தில் விற்றவருக்கும் ஒரு பங்கு என்பதைத்தான் இந்த விதிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. விற்பனை வகுப்பில் இந்தப் பக்கத்தை யாரும் நடத்துவதில்லை. ஆகவே நாமே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளைக்குள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிடலாம். இடைப்பட்ட நாள்களுக்கான காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். அதிலும் நடக்காவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.